குமரியைத் தந்தது தில்லியா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கூட்டாட்சி நிலைக்க வேண்டுமானால் மாநிலங்களிடமே அதிகாரம் மிகுந்திருக்க வேண்டும் என்பது எங்கள் அணியின் கட்சி.

அதற்கான வாதங்களோடு வந்தேன். ஆனால் எதிரணியில் சற்றுமுன் பேசிய அய்யா, "குமரி மாவட்டத்தைத் தமிழகத்துக்குத் தந்ததே தில்லி நாடாளுமன்றம்தான், வாங்கிக்கொண்டவர்கள் தந்தவரின் அதிகாரத்தைக் குறைக்கச் சொல்லலாமா?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். இதற்குப் பதில் சொல்லாமல் மார்த்தாண்டத்து மேடையை விட்டு நான் இறங்க முடியாது.

என் தாத்தாவுக்கு விளவங்கோடு தாலுகாவில் முப்பது சென்ட் வயல் இருந்தது. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலமாக இருந்த காலம். எல்லைத் தகராறு ஒன்றுக்காக ஓர் அலுவலகத்துக்குத் தமிழில் மனு எழுதிக்கொண்டு போனார். மலையாளத்தில் எழுதிக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பினார்கள். வாசலில் மனு எழுதுகிறவருக்குக் காசு கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனால், "என்ன எழுதியிருக்கிறாய், படி" என்றார்கள். அவரால் படிக்க முடியவில்லை. எண்ணிப் பாருங்கள்: வயல் அவருடையது, வழக்கு அவருடையது, தாளின் அடியில் இட்ட தமிழ்க் கையெழுத்தும் அவருடையது, தன் மனுவைத் தன்னாலேயே படிக்க முடியாமல் அந்த மனிதர் நின்றார். சாகும்வரை இதைச் சொன்னார். சொல்லும்போதெல்லாம் அந்தத் தாளை இன்னும் பிடித்திருப்பவர்போல வலக்கையைக் கண்ணுக்கு நேராகத் தூக்குவார். மலையாளத்தின்மீது அவருக்குப் பகை எதுவும் இல்லை. தன்னை ஆளும் அலுவலகம் தன் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதே அவர் கேட்டது.

அப்படிக் கேட்டவர்களைத் திரட்டித்தான், தமிழ் பேசும் இந்தத் தாலுகாக்களைத் தமிழகத்தோடு இணைக்கச் சொல்லி மார்ஷல் நேசமணி போராடினார். 1954 ஆகஸ்ட் 11 அன்று, தொடுவெட்டி என்று அழைக்கப்பட்ட இதே ஊரிலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. அதற்குப் பிறகுதான், 1956 நவம்பர் 1 அன்று, அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. சட்டம் இயற்றியது நாடாளுமன்றம், அதை நான் மறுக்கவில்லை; இயற்ற வைத்தவர்கள் இங்கே செத்தவர்கள், அய்யா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லைகளை மாற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தரும் அரசியலமைப்பின் 3ஆவது உறுப்பு, மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்கச் சொல்கிறதே தவிர, அதன் ஒப்புதலைப் பெறச் சொல்லவில்லை. அந்த அதிகாரத்தைக் கொண்டுதான் 2019இல், சட்டமன்றம் கலைக்கப்பட்டிருந்த வேளையில், ஜம்மு காஷ்மீர் மாநிலம் இரண்டு ஒன்றியப் பிரதேசங்களாக்கப்பட்டது. தந்தவர் என்று அய்யா வணங்கச் சொல்லும் கைக்கு எடுத்துக்கொள்ளவும் தெரியும்.

நிலம் இப்படி என்றால், கடலைப் பாருங்கள். மீன்வளம், மாநிலங்களின் அதிகாரங்களை அரசியலமைப்பு வரிசைப்படுத்தும் மாநிலப் பட்டியலில் 21ஆவது இனம். 12 கடல் மைல் எல்லைக்கு அப்பால் மீன்பிடிப்பதோ, தில்லியின் அதிகாரங்களைச் சொல்லும் ஒன்றியப் பட்டியலில் 57ஆவது இனம். நம் கடற்கரை ஊர்களான தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் தொழில் செய்யும் ஆழ்கடல் முழுவதும் அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் இருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது, கடலுக்குப் போனவர்களைத் தேடச் சொல்லி யாரிடம் போய்க் கேட்பதென்று கரையில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து, குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தில்லிக்கு உரியது என்று அவர்களுடைய கைக்கு எட்டியது அந்தத் தண்டவாளம் ஒன்றுதான்.

நானும் அங்கே இருந்தேன். என் பக்கத்தில் ஒரு தாய், மகனுடைய ஆதார் நகலை முந்தானையில் முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். வெயிலில் காய்ந்த தண்டவாளத்தில் உள்ளங்கையை வைத்து, "மக்கா, இந்தக் கம்பி டெல்லி வர போவுமா?" என்று கேட்டார். போகும் அம்மா என்றேன். "அப்போ இதுல சொன்னா அங்க கேக்குமா?" என்றார்.

நடுவர் அவர்களே, அவருடைய மகன் இன்றுவரை கரை சேரவில்லை.