வேன் போனது, போலீஸ் போகவில்லை: கணக்கு எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். நடைபாதையில் ஒருவர் தன்னிலை மறந்து கத்துகிறார். பார்த்தவர்கள் அவசர எண்ணை அழைக்கிறார்கள். அமெரிக்காவின் டென்வர் நகரில் 2020 ஜூன் முதல் இத்தகைய அழைப்புகள் பலவற்றுக்குப் போலீஸ் போகாமல் 'ஸ்டார்' வேன் போகிறது. அதில் மனநல ஆலோசகர் ஒருவரும் பாராமெடிக் (அவசர மருத்துவ உதவியாளர்) ஒருவரும் இருப்பார்கள். கையில் ஆயுதம் இராது.

முதல் ஆறு மாதத்தில் 748 அழைப்புகள், ஒருவர்கூடக் கைதாகவில்லை. இதை மட்டும் வைத்து வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். ஆயுதம், அடிதடி என்றால் அழைப்பை எடுப்பவரே போலீஸை அனுப்பிவிடுவார். மிச்சமிருக்கும் அழைப்புகளில் கைது குறைவாகத்தானே இருக்கும்?

ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். தாமஸ் டீ, ஜேம்ஸ் பைன் என்ற ஆய்வாளர்கள் வேன் ஓடிய 8 காவல் சரகங்களை மற்ற 28 சரகங்களோடு ஒப்பிட்டு 2022இல் முடிவை வெளியிட்டார்கள். அத்துமீறி நுழைதல், பொது இடத்தில் தொல்லை போன்ற சிறு குற்றப் பதிவுகள் 34 சதவீதம் குறைந்திருந்தன. வன்முறைக் குற்றங்களில் மாற்றம் தென்படவில்லை.

இங்கே ஒரு சிக்கல். போலீஸ் போனால் வழக்கு எழுதுவார்கள், வேன் போனால் எழுதமாட்டார்கள். குற்றமே குறையாமல் பதிவு மட்டும் குறையலாம். ஆனால் அந்தச் சமயத்தில் வேன் ஓடியது வார நாட்களில் காலை 10 முதல் மாலை 6 வரைதான். அது ஓடாத நேரத்தில் வழக்கம்போலப் போலீஸ்தான் போனது, அப்போதும் பதிவுகள் குறைந்தன. இந்த ஒரு சோதனைக்காகவே அந்த ஆய்வை மதிக்கிறேன்.

ஆரெகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் 1989இலேயே இதேபோன்ற 'கஹூட்ஸ்' வேன் சேவை தொடங்கியது. போலீஸுக்கு வரும் அழைப்புகளில் 17 சதவீதத்தை அது ஏற்றது என்று பரவலாகச் சொன்னார்கள். காவல்துறையின் பகுப்பாய்வுப் பிரிவோ 5 முதல் 8 சதவீதம்தான் என்றது. ஒருவரை வண்டியில் கொண்டுபோய் விடுவது, சில்லறை உதவிகள் எல்லாம் எப்படியும் போலீஸிடம் போயிருக்காது என்பது அவர்கள் வாதம். அந்த உதவிகளும் மதிப்புள்ளவைதான். ஆனால் தனிக் கணக்கில் எழுதுங்கள். யூஜீனில் அந்தச் சேவை 2025 ஏப்ரலில் நின்றுபோனது.

இப்படி ஒரு வேன் விட நினைக்கும் ஊர், ஒவ்வோர் அழைப்புக்கும் அழைத்த நேரம், வேன் சேர்ந்த நேரம், போலீஸைத் துணைக்குக் கூப்பிட்டார்களா, ஆளை எங்கே விட்டார்கள், 30 நாளுக்குள் அவருக்காக மறுபடி அழைப்பு வந்ததா என்று பதிய வேண்டும். கடைசி இரண்டையும்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தங்க இடமும் படுக்கையும் இல்லாத ஊரில், வேன் எவ்வளவு வேகமாகப் போனாலும் அதே ஆளுக்காக மறுவாரமும் போகும். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க, முந்தைய ஓராண்டின் அழைப்புப் பதிவையும், வேன் ஓடத் தொடங்கும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.