கைகழுவும் தொட்டியில் பூமியின் சுழற்சி தெரியுமா?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பூமியின் வட பாதியில் தொட்டித் தண்ணீர் ஒரு பக்கமாகவும், தென் பாதியில் மறு பக்கமாகவும் சுழன்று வடியும் என்று கேள்விப்படாதவர்கள் இந்த அரங்கில் குறைவாகத்தான் இருப்பார்கள். ஆஸ்திரேலியாவுக்கோ மொரீஷியஸுக்கோ போய்வந்த உறவினர் யாராவது சொல்லியிருப்பார். இல்லையென்றால் பள்ளியில் ஆசிரியர் சொல்லியிருப்பார். அண்மைக் காலத்தில் இதற்கு மறுப்பும் பலமாகக் கேட்கிறது. "அது வெறும் கட்டுக்கதை, பூமியின் சுழற்சிக்கும் தொட்டித் தண்ணீருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை" என்கிறார்கள்.

இந்த இரண்டு பதில்களுமே எனக்குப் போதவில்லை. பூமியின் சுழற்சி தொட்டித் தண்ணீரையும் தொடத்தான் செய்கிறது. எவ்வளவு தொடுகிறது? அதைக் கேட்காமலேயே இரு தரப்பும் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன. அந்த அளவைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

விளைவு பெரிதாகத் தெரியும் இடத்திலிருந்து தொடங்குவோம். வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் எல்லாமே இடஞ்சுழியாகச் சுழல்கின்றன, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். மொரீஷியஸ் தீவைத் தாக்கும் புயல்கள் வலஞ்சுழியாகச் சுழல்கின்றன. செயற்கைக்கோள் படங்களில் எந்த ஆண்டை எடுத்துப் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும்.

ஏன்? பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் தரை மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. சென்னையில் அந்த வேகம் சுமார் 1,630, டெல்லியில் சுமார் 1,470. சென்னைக்கு மேலிருந்து வடக்கே புறப்படும் காற்று, சென்னைத் தரையின் கிழக்கு வேகத்தையும் எடுத்துக்கொண்டுதான் போகிறது. வடக்கே போகப்போகக் கீழே இருக்கும் தரையின் வேகம் குறைவதால், காற்று கிழக்கே, அதாவது தன் வலப்பக்கமாக, விலகுவதுபோல் நமக்குத் தெரிகிறது. டெல்லியிலிருந்து தெற்கே வரும் காற்று தரையைவிடப் பின்தங்கி மேற்கே விலகுகிறது. அதுவும் அதன் வலப்பக்கம்தான். கிழக்கு மேற்காக வீசும் காற்றுக்கும் இந்த விலகல் உண்டு. அதன் விளக்கம் நீளமானது, இன்று விட்டுவிடுகிறேன். தென் பாதியில் எல்லாமே இடப்பக்கமாக விலகும்.

இங்கேதான் மாணவர்கள் தயங்குவார்கள். காற்று வலப்பக்கம் விலகினால் புயல் வலஞ்சுழியாகத்தானே சுழல வேண்டும்? நல்ல சந்தேகம். ஒரு தாளில் வரைந்து பாருங்கள். நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் தாழ்வழுத்த மையம். நான்கு திசைகளிலிருந்தும் அதை நோக்கி அம்புகள் போடுங்கள். இப்போது ஒவ்வோர் அம்பையும் அது போகும் போக்குக்கு வலப்பக்கமாகச் சற்றுத் திருப்புங்கள். தெற்கிலிருந்து வரும் அம்பு மையத்தைத் தவறவிட்டு அதற்குக் கிழக்காகக் கடந்துபோகும். கிழக்கிலிருந்து வருவது வடக்காகக் கடக்கும்; வடக்கிலிருந்து வருவது மேற்காக, மேற்கிலிருந்து வருவது தெற்காக. நான்கையும் சேர்த்துப் பார்த்தால் மையத்தைச் சுற்றி இடஞ்சுழி உருவாகியிருக்கும். ஒவ்வொன்றும் வலப்பக்கம் விலகியதால் வந்த இடஞ்சுழி அது.

இது ஏட்டறிவு மட்டும் அல்ல. கிழக்கு நோக்கிய நம் கடற்கரையைப் புயல் கடக்கும்போது, மையத்துக்கு வடக்கே இருக்கும் ஊர்களில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். தெற்கே இருக்கும் ஊர்களில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். ஆகவே கடல்நீர் ஊருக்குள் ஏறும் ஆபத்து வடபக்கத்தில்தான் அதிகம். புயலின் கண் கடந்துபோகும் ஊரில் காற்று திடீரென்று அடங்கும். பிறகு நேர் எதிர்த்திசையிலிருந்து வீசும். புயல் போய்விட்டது என்று எண்ணி அந்த அமைதியில் வெளியே வருவது உயிருக்கு ஆபத்து. கடலோர மாவட்டங்களில் ஒவ்வொரு பள்ளியிலும் இதைச் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆழ்ந்த விருப்பம். 1857-இல் நெதர்லாந்து அறிஞர் பைஸ் பாலட் வெளியிட்ட எளிய விதி ஒன்றும் உண்டு. வட பாதியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். தாழ்வழுத்தம் உங்கள் இடப்பக்கம் இருக்கும். சென்னைக் கடற்கரையில் வாடைக்காற்று முதுகில் அறையும்படி நின்றால் இடக்கை கடலைக் காட்டும். புயல் அங்கே இருக்கிறது.

இந்த விலகலுக்குக் காஸ்பார் குஸ்தாவ் கொரியோலிஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர் நிலைத்துவிட்டது. அவர் புயலைப் பற்றி எழுதியவர் அல்லர். 1835-இல் அவர் ஆராய்ந்தது நீர்ச்சக்கரம் போன்ற சுழலும் இயந்திரங்களை. காற்றுக்கும் கடலுக்கும் இதைப் பொருத்திக் காட்டியவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஃபெரல் என்ற அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்; ஆண்டு 1856.

அடுத்து, இந்த விளைவின் வலிமை ஊருக்கு ஊர் மாறுகிறது. அதைக் கண்ணால் காட்டுவது ஃபூக்கோ ஊசல். 1851-இல் லியோன் ஃபூக்கோ பாரிஸின் பாந்தியோன் கட்டடத்தில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். ஊசல் ஆடும் திசை மெல்ல மெல்லத் திரும்பியது. உண்மையில் கீழே இருந்த தரைதான் திரும்பிக்கொண்டிருந்தது. துருவத்தில் இப்படி ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு நாள் ஆகும். பாரிஸில் ஏறத்தாழ 32 மணி நேரம். டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒரு ஃபூக்கோ ஊசல் இருக்கிறது. அங்கே ஏறத்தாழ 50 மணி நேரம். சென்னையில் தொங்கவிட்டால் சுமார் 106 மணி நேரம், அதாவது நாலரை நாளுக்குச் சற்றுக் குறைவு. நிலநடுக்கோட்டில் அது திரும்பவே திரும்பாது. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் புயல்கள் உருவாவது அரிது என்பதும் இதனால்தான். 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே, ஒன்றரை டிகிரி வடக்கில், வாமெய் என்ற புயல் உருவானபோது வானிலை அறிஞர்கள் வியந்துபோனார்கள்.

இனி தொட்டிக்கு வருவோம். சென்னையில் ஒரு வாஷ்பேசினில் தண்ணீர் அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அசையவில்லை என்று நாம் சொன்னாலும், தரையோடு சேர்ந்து அதுவும் 106 மணி நேரத்துக்கு ஒரு சுற்று வீதம் திரும்பிக்கொண்டிருக்கிறது. மூடியை எடுத்ததும் தண்ணீர் நடுத்துளையை நோக்கிச் சுருங்கி வருகிறது. சுழல்நாற்காலியில் கைகளை விரித்து உட்கார்ந்திருப்பவர் கைகளை உள்ளே இழுத்துக்கொண்டால் வேகமாகச் சுழல்வார் அல்லவா, அதே விதிப்படி தண்ணீரின் சுழற்சியும் வேகமெடுக்கும். ஆகவே, தண்ணீரில் தொடக்கத்தில் ஒளிந்திருக்கும் சுழற்சி எதுவோ, அதுதான் கடைசியில் சுழலாகப் பெரிதாகும்.

அப்படி ஒளிந்திருப்பது எது? துளையிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் தண்ணீருக்குப் பூமி கொடுத்திருக்கும் சுழல்வேகத்தைக் கணக்கிட்டால், விநாடிக்கு ஒரு மில்லிமீட்டரில் சுமார் முந்நூறில் ஒரு பங்கு. அந்த வேகத்தில் ஒரு தலைமுடியின் தடிமனைக் கடக்கவே ஏறத்தாழ 20 விநாடி ஆகும். குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பினோமே, அது தண்ணீரில் ஓர் ஓட்டத்தை விட்டுச்செல்கிறது. அது விநாடிக்கு வெறும் ஒரு மில்லிமீட்டராக இருந்தாலே பூமியின் பங்கைப்போல் முந்நூறு மடங்கு. நம் கண்ணுக்குத் தண்ணீர் அசையாமல் நிற்பதாகத்தான் தெரியும். கை பட்டது, மூடியை ஒரு பக்கமாக இழுத்தது, தொட்டியின் வடிவம் சற்றுக் கோணலாக இருப்பது என்று ஒவ்வொன்றும் பூமியைவிடப் பலமாகச் சுழலின் திசையைத் தீர்மானிக்கிறது. மேற்கத்தியக் கழிப்பறைக் கோப்பையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அங்கே தண்ணீர் சாய்வான துளைகள் வழியாகப் பீய்ச்சப்படுகிறது, துளை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் சுழலும். சிட்னியில் ஒரு விடுதியில் வலப்பக்கமாகச் சுழன்றதைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. பார்த்தது உண்மை. அதற்குக் காரணம் அந்த விடுதியின் கோப்பை.

சரி, மற்றக் குழப்பங்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டால் பூமியின் பங்கு வெளியே தெரியுமா? 1962-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஆஷர் ஷாப்பிரோ இதைச் செய்து காட்டினார். எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் சோதனைகளில் இது ஒன்று.

ஆறடி விட்டமும் ஆறு அங்குல ஆழமும் உள்ள வட்டமான தட்டைத் தொட்டி. நட்டநடுவில் ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு அளவே உள்ள சிறு துளை. துளையிலிருந்து நீண்ட ரப்பர் குழாய். அடைப்பான் அந்தக் குழாயின் மறுமுனையில். திறக்கும்போது தொட்டித் தண்ணீர் கலங்கக்கூடாதே! தண்ணீரை அவர் வேண்டுமென்றே வலஞ்சுழியாகச் சுழலும்படி நிரப்பினார். எதிர்பார்த்த விடை இடஞ்சுழி. ஆகவே தன் எதிர்பார்ப்புக்கு எதிராகவே தொட்டியைத் தயார்செய்தார். இந்த நேர்மையைக் கவனியுங்கள். காற்றோட்டம் படாமல் பிளாஸ்டிக் விரிப்பால் மூடினார். அறையின் வெப்பநிலை மாறாமல் பார்த்துக்கொண்டார். பிறகு காத்திருந்தார், 24 மணி நேரம்.

குழாயைத் திறந்தால் தொட்டி காலியாகச் சுமார் 20 நிமிடம். நடுத்துளைக்கு மேலே ஓர் அங்குல நீள மரச்சீவல்கள் இரண்டைக் குறுக்காக மிதக்கவிட்டார். முதல் 12 நிமிடம் வரை கண்ணுக்கு எந்தச் சுழற்சியும் தெரியவில்லை. அதன் பிறகு மரச்சீவல் மெல்லத் திரும்பத் தொடங்கியது, இடஞ்சுழியாக. கடைசியில் மூன்று நான்கு விநாடிக்கு ஒரு சுற்று. அந்த ஊரில் தரை ஒரு சுற்றுத் திரும்ப ஏறத்தாழ 36 மணி நேரம் ஆகும். அது தொட்டிக்குள் முப்பதாயிரம் மடங்குக்கு மேல் வேகமெடுத்து மனிதர் கண்ணுக்கு முன் வந்து நின்றது. ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் காத்திருந்து திறந்தபோதோ, நிரப்பிய திசையிலேயே, வலஞ்சுழியாகத்தான், தண்ணீர் சுழன்றது. நம் வீட்டுத் தொட்டியில் யார் ஒரு நாள் காத்திருக்கிறார்கள்?

ஆனால் ஓர் அரைக்கோளத்தில் மட்டும் பார்த்தால் வழக்கு முடியாது. 1965-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் லாயிட் ட்ரெஃபதனும் உடன் ஆய்வு செய்தவர்களும் இதே போன்ற தொட்டியை அமைத்தார்கள். 18 மணி நேரமும் அதற்கு மேலும் தண்ணீரை அடங்கவிட்டுத் திறந்தபோது சுழல் வலஞ்சுழியாக வந்தது. ஆக, இரண்டு பாதிகளிலும் தண்ணீர் எதிரெதிராகச் சுழலும் என்பது உண்மையே; அப்படிப்பட்ட தொட்டியும் அவ்வளவு பொறுமையும் இருந்தால்.

கென்யாவின் நன்யூகி போன்ற நிலநடுக்கோட்டு ஊர்களில் ஒரு காட்சி நடத்துகிறார்கள். கோட்டுக்கு இப்புறம் 20 மீட்டர் தள்ளி ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வடிகிறது, ஒரு பக்கம் சுழல்கிறது. அப்புறம் 20 மீட்டர் போனால் எதிர்ப்பக்கம் சுழல்கிறது. பயணிகள் கைதட்டுகிறார்கள். இப்போது நாமே கணக்குப் போடலாம். கோட்டிலிருந்து 20 மீட்டர் தூரத்தில் தரையின் திருப்பம் ஒரு சுற்று முடிய 800 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஒரு நிமிடத்தில் வடிந்துவிடும் பாத்திரத்தில் அது தெரிய வழியே இல்லை. தண்ணீரை ஊற்றும் பக்கமும், பாத்திரத்தோடு பார்வையாளரை நோக்கித் திரும்பும் திசையும்தான் அங்கே சுழலை உண்டாக்குகின்றன. அந்தக் காட்சியை நடத்தும் எளிய மனிதர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. அது அவர்கள் பிழைப்பு. இதையே சான்றாகப் பாடத்தில் எடுத்துச் சொல்லும்போதுதான் வருத்தமாக இருக்கிறது.

இந்த அரங்கில் உள்ள பொறியியல் கல்லூரி மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்தச் சோதனையை இங்கே செய்யுங்கள். எளிதல்ல. சென்னையில் பூமியின் பங்கு ஷாப்பிரோவுக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ நான்கில் ஒன்று. ஆகவே தொட்டி அவருடையதைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது. ஒரு நாளுக்குப் பதிலாக இரண்டு மூன்று நாள் அடங்கவிடுங்கள். மேல்தளம் வேண்டாம், தரைத்தளத்தில் வெயில் படாத அறையைத் தேர்ந்தெடுங்கள். மின்விசிறி ஓடக்கூடாது. பகலிரவு வெப்ப வேறுபாடு தண்ணீருக்குள் ஓட்டத்தை உண்டாக்கும், அதையும் தடுத்தாக வேண்டும். ஒரு முறை வலஞ்சுழியாக நிரப்புங்கள், அடுத்த முறை இடஞ்சுழியாக. எப்படி நிரப்பினாலும் ஒரே பக்கம் சுழல்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதையும் அப்படியே எழுதிவையுங்கள்.

தொட்டி தயாரானதும் எனக்குச் சொல்லியனுப்புங்கள். அடைப்பானைத் திறக்கும் அன்று நானும் வந்து உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.