உயிரோடு ஒரு ஆடு போதுமே! சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்களின் லாஜிக் ஓட்டைகள்

வணக்கம் மக்களே! பினாங்கு ஜார்ஜ்டவுனிலிருந்து பேசுகிறேன். வெளியே மழை கொட்டுகிறது, சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு எனக்கு உயிரான விஷயம்: சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்களில் லாஜிக் இடிக்கும் இடங்களும், அதை அடைக்க ரசிகர்கள் கட்டும் தியரிகளும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டையைக் கண்டுபிடிக்க யாராலும் முடியும். அடைப்பதில்தான் திறமை இருக்கிறது. அடைக்கிற பொருளையும் படத்துக்குள்ளிருந்தே எடுக்க வேண்டும். படத்தில் இல்லாத ஒன்றை நாமாகக் கொண்டுவந்து சொருகினால் அது செல்லாது.

டெர்மினேட்டரில் ஆரம்பிப்போம். 1984-ல் வந்த முதல் படத்தில், கொலைகார ரோபோவைத் தடுக்க எதிர்காலத்திலிருந்து வந்த கைல் ரீஸைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு மனநல மருத்துவர் விசாரிக்கிறார். எதிர்காலத்திலிருந்து ஏன் ஆயுதம் கொண்டுவரவில்லை என்று கேட்கிறார். உயிரில்லாத எதுவும் கால இயந்திரத்தில் வராது, அதனால்தான் அம்மணமாக வந்தேன் என்கிறான் ரீஸ். அப்படியென்றால் உலோக ரோபோ எப்படி வந்தது? அதைச் சுற்றி உயிருள்ள சதை இருக்கிறது என்கிறான். சரி, கணக்கு நேர்.

1991-ல் இரண்டாம் பாகம் வந்தது. வில்லன் டி-1000 முழுக்க முழுக்கத் திரவ உலோகம். சதையே கிடையாது. இவன் எப்படி வந்தான்?

பிரபலமான தியரி, அவனை ஒரு சதைப் பைக்குள் வைத்து அனுப்பினார்கள் என்பது. ரொம்பப் பேர் நம்புகிறார்கள், எனக்கு ஒத்துவரவில்லை. பை போதும் என்றால் ரீஸ் ஏன் வெறுங்கையோடு வந்தான்? உயிரோடு ஒரு ஆட்டைப் பிடித்து, அதன் வயிற்றுக்குள் எதிர்காலத் துப்பாக்கியை வைத்துத் தைத்து, ஆட்டோடு வந்து இறங்கியிருக்கலாமே! லாஸ் ஏஞ்சல்ஸ் தெருவில் மின்னல் வெட்டுகிறது, புகை விலகுகிறது, அம்மணமாக ஒரு ஆள், பக்கத்தில் ஒரு ஆடு. படம் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஒரு ஓட்டையை அடைத்து அதைவிடப் பெரிய ஓட்டையைத் திறந்துவிடுகிறது இந்தத் தியரி.

என் தியரி வேறு. டி-1000 தொட்டதையெல்லாம் அப்படியே காப்பியடிக்கும், அதைப் படமே காட்டுகிறது. ஆகவே உயிருள்ள உடம்பையும் காப்பியடித்து இயந்திரத்தை ஏமாற்றிவிட்டது. இதற்கு நண்பர் ஒருவர் மடக்கினார்: “துப்பாக்கி, வெடிகுண்டு மாதிரி ரசாயனம் இருக்கிற சாமானாக அதனால் மாற முடியாது என்று அர்னால்டே சொல்கிறாரே? சதை முழுக்க ரசாயனம்தானே மச்சான்?” நல்ல கேள்வி. ஆனால் ரீஸ் சொன்னதைத் திரும்பக் கேளுங்கள். உயிருள்ள உடம்பு உண்டாக்கும் ஏதோ ஒரு புலம் என்றுதான் சொல்கிறான். இயந்திரம் பார்ப்பது அந்தப் புலத்தை. புலத்தைப் போலி செய்ய ரசாயனம் எதற்கு? இந்த வாதத்தை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அடுத்து 2002-ல் வந்த ‘சைன்ஸ்’. மாஹேயில் பிறந்த மனோஜ் நைட் ஷ்யாமளனின் படம். தண்ணீர் பட்டால் வெந்துபோகும் வேற்றுக்கிரகவாசிகள், 71 சதவீதம் தண்ணீர் மூடிய கிரகத்தைத் தேடி வருகிறார்கள், அதுவும் துணி இல்லாமல். அவர்கள் இறங்கியது அமெரிக்கச் சோளக்காடு, அங்கேயும் பனி பெய்யும்தானே? பினாங்கில் இறங்கியிருந்தால் மழைகூட வேண்டாம். காற்றில் இருக்கிற ஈரமே போதும், கர்னி டிரைவில் நாலு எட்டு வைப்பதற்குள் கதை முடிந்திருக்கும்.

இதற்கு ரசிகர்கள் சொல்லும் பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: வந்தவர்கள் வேற்றுக்கிரகவாசிகளே இல்லை, பேய்கள். மெல் கிப்சன் நம்பிக்கை இழந்து அங்கியைக் கழற்றிய பாதிரியார். அவருடைய சின்ன மகள் வீடு முழுக்கப் பாதி குடித்த தண்ணீர்க் கிளாஸ்களை வைத்துக்கொண்டே போகிறாள். அந்தத் தண்ணீர்தான் கடைசியில் காப்பாற்றுகிறது, அவரும் திரும்ப அங்கியைப் போட்டுக்கொள்கிறார். அது புனித நீர் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது. வானத்தில் தெரியும் விளக்குகள் மட்டும்தான் இடிக்கிறது, பேய்க்கு எதற்கு வாகனம்? இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

ஸ்டார் வார்ஸ் பார்செக் விவகாரம் உங்களுக்கே தெரியும். பார்செக் என்பது தூரம், 3.26 ஒளியாண்டு. விண்கல ஓட்டி ஹான் சோலோ தன் கலத்தின் வேகத்தைப் பற்றிப் பேசும்போது அதை நேரம் மாதிரிச் சொல்லிப் பெருமையடிக்கிறான். குறுக்கு வழியில் போய்த் தூரத்தைக் குறைத்தான் என்று 2018-ல் வந்த ‘சோலோ’ படம் அடைத்துவிட்டது. 1977-ல் வந்த முதல் படத்தில் அதைக் கேட்கும்போது எதிரே இருக்கும் பெரியவர் ஓபி-வான் முகத்தைப் பாருங்கள். இவன் கதை விடுகிறான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அந்த முகமே போதும்.

கடைசியாக நம்ம படம். 1963, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து ஒரு பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இரண்டு கேள்வி. அவர்களுக்குத் தமிழ் எப்படித் தெரியும்? விண்கலம் கட்டத் தெரிந்தவர்கள் பொன்னையோ பூமியையோ கேட்காமல் பாட்டுக்காரியை ஏன் கேட்கிறார்கள்?

இரண்டுக்கும் ஒரே பதில்: வானொலி. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-ல் தொடங்கியது. சிரியஸ் நட்சத்திரம் 8.6 ஒளியாண்டு தூரம். அங்கே ஆள் இருந்தால் முதல் கச்சேரி 1947 வாக்கில் காதில் விழுந்திருக்கும். ஒளியின் முக்கால் வேகத்தில் வந்தால் பயணம் பதினொன்றரை வருடம். தமிழ் கற்றுக்கொள்ள நாலரை வருடம் மிச்சம்!

ஒரு சிக்கல் உண்டு. அந்தக் கால மத்திய அலையையும் சிற்றலையையும் பெரும்பாலும் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலம் கீழேயே திருப்பிவிடும். எங்கள் தாத்தா இங்கே எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் உட்கார்ந்துகொண்டு சிற்றலையில் கடல் கடந்த தமிழ்ப் பாட்டுக் கேட்டதும் அந்தத் திருப்பலால்தான். ஆகவே அவர்களுடைய கலம் ஒன்று முன்னாலேயே தாழ வந்து மறைந்து நின்றிருக்க வேண்டும். கலத்தில் வந்து இறங்குவதைப் படமே காட்டுகிறது, அதனால் என் சட்டப்படி இது செல்லும். வேவு பார்க்க வந்தவர்கள் வருடக்கணக்கில் ராத்திரி ராத்திரியாகத் தமிழ்ப் பாட்டுக் கேட்டிருக்கிறார்கள். வேறு எதைக் கேட்பார்கள் சொல்லுங்கள்?

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ‘கலை அரசி’யைத் தியேட்டரில் பார்த்திருந்தால், அவர்களிடம் இந்தத் தியரியைச் சொல்லிக் கேட்டுவிட்டு கமெண்டில் எழுதுங்கள். ஆட்டுக்கு மறுப்பு இருந்தால் அதையும் எழுதுங்கள், எல்லாவற்றையும் படித்துப் பதில் போடுகிறேன்.