‘ரீச் டு குன்னூர்’ சரியா? ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

கோத்தகிரி பக்கம் ஹோம்ஸ்டேயில் வேலை செய்யும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: கெஸ்ட்டுக்கு வழி சொல்லும்போது ‘ரீச் டு குன்னூர்’ என்பதா, ‘ரீச் அட் குன்னூர்’ என்பதா? இரண்டுமே வேண்டாம்மா. ‘யூ வில் ரீச் குன்னூர் பை டென்’, அவ்வளவுதான். தமிழில் குன்னூருக்குப் போய்ச் சேர்ந்தோம் என்கிறோம் இல்லையா, அந்தக் ‘கு’தான் இங்கிலீஷ் பேசும்போது ‘டு’வாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் ‘அரைவ்’ என்று சொன்னால் ப்ரபொசிஷன் (‘டு’, ‘இன்’, ‘அட்’ மாதிரி பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சின்னச் சொல்) வேண்டும், அதுவும் ‘டு’ கிடையாது. ஊர், நாடு என்றால் ‘இன்’, ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட், ஹோட்டல் மாதிரி ஒரு குறிப்பிட்ட இடம் என்றால் ‘அட்’: ‘அரைவ் இன் ஊட்டி’, ‘அரைவ் அட் த பஸ் ஸ்டாண்ட்’. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் மலை ரயிலைப் பற்றிப் பேசும்போது குன்னூரை வழியில் வரும் ஒரு நிறுத்தமாக நினைத்து ‘அரைவ்ஸ் அட் குன்னூர்’ என்றாலும் தப்பில்லை. வீட்டுக்கு மட்டும் எதுவும் வேண்டாம், ‘அரைவ் ஹோம்’.

‘டிஸ்கஸ் அபவுட்’டும் இதே கதைதான், ‘டிஸ்கஸ் த ரேட்’ போதும். ‘டிஸ்கஷன்’ என்று வந்தால் மட்டும் ‘அபவுட்’ போடலாம். அப்புறம் ‘எக்ஸ்ப்ளெயின் மீ த ரூட்’ என்று நிறையப் பேர் சொல்கிறார்கள், அது ‘எக்ஸ்ப்ளெயின் த ரூட் டு மீ’. காட்டெருமையைப் பார்த்து பயம் என்றால் ‘அஃப்ரெய்ட் ஆஃப்’. இங்கே ஏன் ‘ஆஃப்’ என்று காரணம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், சொல்லையும் அதன் ப்ரபொசிஷனையும் ஒட்டியே மனசில் போட்டுக்கொள்ளுங்கள். நெட்டில் கிடைக்கும் நீளமான பட்டியலை உருப்போடுவதில் எனக்கு நம்பிக்கையே இல்லை, தினமும் பேசுகிற நாலு வாக்கியத்தில் வைத்துப் பழகினால் தானாக வரும்.

உங்கள் வேலைக்கு மிகவும் தேவையானது இன்னொன்று. புக்கிங் வந்ததும் அனுப்பும் மெயிலில் ‘வி லுக் ஃபார்வர்ட் டு வெல்கம் யூ’ என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், அது ‘டு வெல்கமிங் யூ’ என்றுதான் வரவேண்டும். ‘டு’வுக்குப் பிறகு வினைதானே வரும், ‘இங்’ எதற்கு என்று தோன்றும். அந்த இடத்தில் ‘யுவர் விசிட்’ என்று ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். ‘லுக் ஃபார்வர்ட் டு யுவர் விசிட்’, சரியாகப் பொருந்துகிறதா? அப்படியென்றால் அந்த ‘டு’ ப்ரபொசிஷன், அதற்குப் பின்னால் வினை வந்தால் ‘இங்’ சேர்த்தாக வேண்டும். ‘யூஸ்டு டு’விலும் இப்படிப் பார்க்கலாம்: குளிர் பழகிவிட்டது என்பது ‘ஐ ஆம் யூஸ்டு டு த கோல்ட்’, குளிரில் வேலை செய்து பழகிவிட்டது என்றால் ‘யூஸ்டு டு வொர்க்கிங் இன் த கோல்ட்’.