முனியாண்டியைக் கும்பிடுகிறவர்கள் விக்காவைப் பார்த்து முகம் சுளிக்கலாமா?

(பினாங்கில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது)

அண்ணன்மார்களே, அக்காமார்களே, வணக்கம். விக்கா என்பது இங்கிலாந்திலிருந்து பரவிய ஓர் இயற்கை வழிபாட்டு மதம். அந்தப் பெயரைக் கேட்டதும் பில்லி சூனியம், சாத்தான் என்று தோன்றுகிறதா? விக்காவில் சாத்தானே கிடையாது. ஒரு பெண் தெய்வம், கொம்பு வைத்த ஓர் ஆண் தெய்வம், பௌர்ணமியன்று கூடிச் செய்யும் வழிபாடு, பருவத்தையொட்டி வருடத்துக்கு 8 விழாக்கள். யாருக்கும் தீங்கு செய்யாதே என்பதைத்தான் பெரும்பாலோர் நெறியாகச் சொல்கிறார்கள்.

இதை ஊரறியச் செய்த ஜெரால்டு கார்ட்னர் நம் பக்கம் வாழ்ந்தவர். இலங்கையில் தேயிலைத் தோட்டம், அப்புறம் மலாயாவில் ரப்பர் தோட்டம், பிறகு ஜொகூரில் சுங்க அதிகாரி. மலாய்க்காரர்களின் கிரிஸ் கத்தியைப் பற்றி 1936இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் இங்கிலாந்து திரும்பிய பிறகு, தன் நம்பிக்கையைப் பற்றி 1949இல் நாவலாகத்தான் எழுதினார். மந்திர சக்தி இருப்பதாகச் சொல்லிக்கொண்டாலே சிறை என்ற 1735ஆம் ஆண்டுச் சட்டம் 1951இல் நீங்கிய பிறகு, 1954இல்தான் நேரடியாக எழுதினார்.

அமெரிக்காவில் நடந்தது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆப்கானிஸ்தானில் 2005இல் உயிர்விட்ட ஒரு விக்கா வீரரின் நினைவுக்கல்லில் அவர் மதத்தின் ஐந்துமுனை நட்சத்திரத்தைப் பொறிக்க அவர் மனைவி போராட வேண்டியிருந்தது. வழக்குகளுக்குப் பிறகு 2007இல்தான் மத்திய அரசு அந்தச் சின்னத்தை ஏற்றது. நாட்டுக்காகச் செத்தவருக்கே இந்த நிலை என்றால், அலுவலகத்தில் வேலை பார்க்கிற சாதாரணப் பெண் எப்படி வாய் திறப்பாள்?

சரி, நம் கதைக்கு வருவோம். தோட்டத்தில் மரத்தடியில் கல்லை நட்டு முனியாண்டி என்று கும்பிட்டோம், சுருட்டும் சாராயமும் படைத்தோம், சேவல் அறுத்தோம். பட்டணத்துக்கு வந்து பிள்ளைகள் படித்ததும் அதைக் காட்டுமிராண்டித்தனம் என்றது வெளியாள் மட்டுமில்லை, நம் ஆட்களும்தான். இன்றைக்கும் குலசாமிக்குக் கிடா வெட்டிவிட்டு வந்து, வேலையிடத்தில் "சும்மா கோயிலுக்குப் போனேன்" என்று முடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தைப்பூசத்தன்று இங்கே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அலகு குத்திப் போகிறவரை வேடிக்கைப்பொருளாகப் படம் பிடிக்கும்போது நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது! இந்த ஊர்ச் சீனர்கள் சாலையோரச் சிவப்பு மாடத்தில் டத்தோ கோங் என்ற காவல் தெய்வத்தைக் கூச்சமில்லாமல் வணங்குகிறார்கள், அது எனக்குப் பிடிக்கும்.

அதனால் நான் கேட்பது இதுதான். உங்களோடு வேலை செய்யும் வெள்ளைக்காரப் பெண் கழுத்தில் அந்த நட்சத்திரம் தொங்கினால், யாருக்குச் செய்வினை வைத்தாய் என்று கேட்காதீர்கள். உங்கள் விழா எப்போது, என்ன சமைப்பீர்கள் என்று கேளுங்கள். அவள் கேட்டால் முனியாண்டியைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லுங்கள். இதில் உடன்பாடு இல்லாதவர்கள் இப்போதே எழுந்து பேசலாம், மைக் அந்தப் பக்கம் வருகிறது.