கோடரியின் பெருமை

அன்பானவர்களே, ஏசாயா பத்தாம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அசீரிய ராஜா பேசுகிறான். என் கையின் வல்லமையால் செய்தேன், என் புத்தியால் செய்தேன் என்கிறான். தேசங்களின் செல்வத்தை அள்ளியதை எப்படிச் சொல்கிறான் தெரியுமா? கேட்பாரற்ற கூட்டில் முட்டை பொறுக்குவதுபோல் பொறுக்கினேனாம். சிறகடிக்கவோ கீச்சிடவோ ஒரு பறவைகூட இல்லையாம். தீர்க்கதரிசி ஏசாயா அவனைத் திருப்பிக் கேட்கிறார்: வெட்டுகிறவனுக்கு எதிரே கோடரி பெருமை பேசலாமா?

அசீரியனை அனுப்பியவர் யார்? தேவன்தான். ‘என் கோபத்தின் கோல்’ என்று அவரே ஐந்தாம் வசனத்தில் சொல்கிறார். கோலை எடுத்தவரே கோலைப் பார்த்து ‘ஐயோ, உனக்குக் கேடு’ என்றால் அது நியாயமா? நான் பல வருடம் இந்த இடத்தில் குழம்பி நின்றிருக்கிறேன். ஏழாம் வசனம்தான் எனக்கு வழி காட்டியது. அவனோ அப்படி எண்ணவில்லை, அழிப்பதே அவன் மனதில் இருந்தது என்று அது சொல்கிறது. மரக்கோலுக்கு மனசு கிடையாது. ராஜாவுக்கு இருந்தது. தேவன் அவனைப் பயன்படுத்தினார். ஆனால் அவன் மனசில் இருந்த கொலைவெறி அவனுடையது. அதற்கு அவன்தான் கணக்குச் சொல்ல வேண்டும்.

அந்த மனசு எப்படிப்பட்டது என்று அசீரியரின் எழுத்திலேயே பார்க்கலாம். கி.மு. 701-ல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் மேல் படையெடுத்தான். அதைப் பற்றி அவன் எழுதிவைத்த ஆறு பட்டைகள் கொண்ட களிமண் பட்டயம் 1830-ல் நினிவேயில் கிடைத்தது. இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் 46 பட்டணங்களைப் பிடித்தேன், நான் 2,00,150 பேரைக் கொண்டுவந்தேன், யூதாவின் ராஜா எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல எருசலேமில் அடைத்தேன் என்று போகிறது அது. வரிக்கு வரி ‘நான்’. ஆனால் எருசலேமைப் பிடித்தேன் என்ற வரி மட்டும் அதில் இல்லை! கி.மு. 681-ல் பெற்ற பிள்ளைகளின் கையாலேயே அவன் செத்தான்.

சரி, அசீரியனைத் திட்டியதோடு ஏசாயா முடித்துக்கொண்டிருந்தால் அவரும் ஒரு அரசவைக் கவிஞர், அவ்வளவுதான். அவர் அப்படி முடிக்கவில்லை. அதனால்தான் அவர்மேல் எனக்கு இத்தனை பிரியம்.

முற்றுகைக்காலத் தண்ணீருக்காக எசேக்கியா பாறையைக் குடைந்து ஒரு சுரங்கம் வெட்டினான். நீளம் சுமார் 533 மீட்டர். இரண்டு பக்கமிருந்தும் குடைந்துவந்த ஆட்கள் நடுவில் ஒருவர் குரலை ஒருவர் கேட்டு, ‘கோடரிக்கு எதிரே கோடரி’யாகச் சந்தித்ததை அந்தப் பாறையிலேயே எழுதிவைத்தார்கள். 1880-ல் அது வெளிப்பட்டது. அவர்கள் எழுதிய எபிரெயச் சொல் ‘கர்சென்’. ஏசாயா பத்தில் கோடரிக்கு வருவதும் அதே சொல்தான்! படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. கல்வெட்டின் எஞ்சிய வரிகளில் ராஜாவின் பேர்கூட இல்லை.

அப்படியும் ஏசாயா விடவில்லை. 22-ஆம் அதிகாரத்தில் எருசலேமைப் பார்த்துச் சொல்கிறார்: தண்ணீருக்குத் தேக்கம் கட்டினீர்கள், ஆனால் இதையெல்லாம் செய்தவரை நோக்கவில்லை. ஆபத்துக்குத் தண்ணீர் சேர்த்தது தப்பில்லை. கண் தண்ணீரோடு நின்றுவிட்டது, அதுதான் குற்றம்.

அப்புறம் 39-ஆம் அதிகாரம். பாபிலோனிலிருந்து வந்த தூதருக்கு எசேக்கியா பொன்னையும் வெள்ளியையும் ஆயுதசாலையையும் திறந்து காட்டுகிறான். இவன் நல்ல ராஜா, ஜெபிக்கிறவன். ஏசாயா வந்து கேட்கிறார்: “உம்முடைய வீட்டில் என்ன பார்த்தார்கள்?”

அவன் பதிலைக் காதுகொடுத்துக் கேளுங்கள். என் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் பார்த்தார்கள், என் பொக்கிஷங்களில் நான் காட்டாதது ஒன்றும் இல்லை என்கிறான்.