வந்நு என்றால் யார் வந்தது?

(கேரளத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாயனசாலை ஒன்றில், அதாவது நூலகத்தில், கணினி படிக்கும் மாணவர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் வந்த மலையாளத்தை அப்படியே விட்டிருக்கிறேன். இந்த ஊர்க்காரர்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சில இடங்களில் அடைப்புக்குறியில் பொருள் தந்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். வாசலில் நிற்கிற தம்பிகள் உள்ளே வந்து உட்காரலாம், மின்விசிறி இங்கேதான் ஓடுகிறது.

இந்த ஊரில் நான் பார்த்த முதல் வேலை மொழிபெயர்ப்பு. அப்போது எனக்கு எட்டு வயது, சம்பளம் ஒரு தேங்காய் மிட்டாய். பொள்ளாச்சியிலிருந்து அமுச்சி (பாட்டி) எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த காலம் அது. அமுச்சிக்கு மலையாளம் ஒரு சொல்லும் தெரியாது. மதிலுக்கு அந்தப்பக்கம் இருந்து சேச்சி (அக்கா) ஒருவர் "வந்நு!" என்று குரல் கொடுப்பார். "என்ன கண்ணு சொல்றா?" என்று அமுச்சி என்னைப் பார்ப்பார். நான் "வந்து..." என்று இழுப்பேன். வந்தானா, வந்தாளா, வந்தாங்களா, இல்லை பொள்ளாச்சி பஸ் வந்ததா? சேச்சியின் சொல்லில் அது இல்லை.

ஞான் வந்நு, நீ வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு. மலையாள வினையில் ஆணும் பெண்ணும் ஒருமையும் பன்மையும் ஒட்டுவதில்லை. தமிழிலோ வினையின் வாலிலேயே ஆள் உட்கார்ந்திருப்பார். அதனால் அமுச்சி சொன்னதைச் சேச்சிக்குச் சொல்வது சுலபம், வாலை நறுக்கிவிட்டால் போதும். சேச்சி சொன்னதை அமுச்சிக்குக் கொண்டுவருவதுதான் பாடு. இல்லாத வாலை எங்கிருந்து எடுத்து ஒட்டுவது? மதிலில் ஏறிப் பார்க்க வேண்டும். பலமுறை ஏறியிருக்கிறேன், ஒருமுறை விழுந்தும் இருக்கிறேன்.

இன்றைக்குக் கோயம்புத்தூரில் என் பிழைப்பும் இதேதான். ஒரு நிரல்மொழியில் எழுதியதை இன்னொரு நிரல்மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலர்கள். கம்பைலர் என்றதும் மனிதர் எழுதியதை இயந்திரம் படிக்கும் எண்களாக்குவது என்று உங்கள் பாடத்தில் இருக்கும். நான் சொல்வது, மனிதர் எழுதியதை மனிதர் படிக்கக்கூடிய இன்னொன்றாக்குவது. டிரான்ஸ்பைலர் என்று இப்போது தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. உள்ளே நடப்பது கம்பைலரின் வேலைதான், கடைசிப் படியில் வெளியே வருவது மட்டும் வேறு.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைந்துவிடலாம். சொல்லுக்குச் சொல் தேடி மாற்றுவதால் இது நடக்காது. கம்பைலர் முதலில் எழுத்துகளைச் சொற்களாகப் பிரிக்கும், பிறகு சொற்களை ஒரு மரமாகக் கட்டும். பாலின் அளவை விலையால் பெருக்கிக் கமிஷனைக் கழி என்று எழுதியிருந்தால், மரத்தின் உச்சியில் கழித்தல் இருக்கும். அதன் ஒரு கிளையில் பெருக்கல், மறு கிளையில் கமிஷன். நீங்கள் போட்ட அடைப்புக்குறி அங்கே இருக்காது, அதன் வேலை மரத்தின் வடிவத்துக்குள் போய்விடும். இந்த மரத்தைக் கண்ணால் பார்க்க ஆசையென்றால் கூகுள் உருவாக்கிய பிளாக்லியைத் திறந்து பாருங்கள். ஸ்கிராட்ச் போலக் கட்டைகளை அடுக்கியதும், அதே அடுக்கை ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான், பிஎச்பி, லுவா, டார்ட் என்று ஐந்து மொழிகளில் எழுதிக் காட்டும். மரம் ஒன்று, வாசிக்கும் வாய்தான் ஐந்து.

அடைப்புக்குறியோடு இன்னொன்றும் உதிரும். நிரலுக்கு நடுவே எழுதியவர் தனக்கோ அடுத்தவருக்கோ குறித்து வைக்கும் குறிப்புகள். இயந்திரத்துக்கு அவை வேண்டாம் என்பதால் சொல் பிரிக்கும் இடத்திலேயே பெரும்பாலான கம்பைலர்கள் அவற்றைக் கொட்டிவிடும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இதனால் நான் பட்ட அவமானத்தைப் பிறகு சொல்கிறேன்.

வாலை நறுக்குகிற பக்கம் போவோம், அது சுகமான பக்கம். 2012 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் டைப்ஸ்கிரிப்ட் என்ற மொழியை வெளியிட்டது. அதில் இது எண், இது எழுத்துச்சரம் என்று ஒவ்வொன்றுக்கும் வகை குறிக்கலாம். கம்பைலர் அந்த வகைகளைச் சரிபார்த்து, தப்பு இருந்தால் திட்டிவிட்டு, பிறகு அவற்றை அழித்து வெறும் ஜாவாஸ்கிரிப்டாகத் தரும். வந்தான், வந்தாள் எல்லாம் வந்நு ஆகிவிடும்.

அதற்கும் வெகுநாள் முன்பே பியார்ன் ஸ்ட்ரவுஸ்ட்ரப் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இதைச் செய்தார். அவர் உருவாக்கிய சி பிளஸ் பிளஸ் மொழிக்கான சிஃப்ரண்ட் என்ற கம்பைலர் 1985இல் வெளியானபோது, அது இயந்திர நிரலைத் தரவில்லை, சி மொழியைத் தந்தது. காரணம் எளிது. சி கம்பைலர் இல்லாத கணினியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்ற காலம். சி வரை கொண்டுபோய் இறக்கிவிட்டால், அங்கிருந்து ஊருக்கு ஊர் வண்டி உண்டு. சி பிளஸ் பிளஸில் ஒரு பொருளின் (ஆப்ஜெக்ட்) மேல் அழைக்கும் செயல் (ஃபங்ஷன்), சி மொழியில் அந்தப் பொருளின் முகவரியை முதல் ஆளாகக் கையில் பிடித்துக்கொண்டு போகும் சாதாரணச் செயலாக மாறும். பிழை எழுந்தால் நடுவழியில் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கலைத்துவிட்டு வெளியேறும் வசதியை மொழியில் சேர்க்கப் போனபோதுதான் இந்த வழி அடைபட்டது. சி மொழியில் அதற்கு இணையான ஒன்று இல்லை. 1993இல் சிஃப்ரண்டின் நான்காம் பதிப்பைக் கைவிட்டார்கள்.

கணிதப் புத்தகம் அச்சிடுகிறவர்கள் பயன்படுத்தும் டெக் மென்பொருளையும் சொல்ல வேண்டும். டொனால்ட் நூத் அதைப் பாஸ்கல் மொழியைத் தழுவிய வடிவில் எழுதினார். இன்றும் அந்த மூலத்தை ஒரு மாற்றி சி ஆக்கித் தந்தபிறகுதான் பெரும்பாலான கணினிகளில் அது ஓடுகிறது. மூலத்தில் யாரும் கை வைப்பதில்லை. மொழிபெயர்ப்பை மட்டும் வேண்டும்போதெல்லாம் புதிதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இனி மதிலேறும் பக்கம்.

பைத்தானில் ஒரு செயல் எழுதுங்கள். இரண்டு மதிப்புகளை வாங்கி, கூட்டித் திருப்பித் தரட்டும். எண்களா, எழுத்துச்சரங்களா, பட்டியல்களா? அங்கே எழுதியிருக்காது. இதைச் சி மொழிக்கோ ஜாவாவுக்கோ கொண்டுபோனால் முதல் வரியிலேயே அமுச்சி கேட்பார், யாரு கண்ணு வந்தது? பதில் அந்தச் செயலுக்குள் இல்லை. அதைக் கூப்பிட்ட இடங்களில் இருக்கிறது. அதனால் கம்பைலர் நிரல் முழுவதும் அலைந்து, கூப்பிட்டவர்களையெல்லாம் பார்த்து, அவர்களைக் கூப்பிட்டவர்களையும் பார்த்து வாலைக் கண்டுபிடிக்கிறது. கண்டுபிடிக்க முடியாத இடங்களும் உண்டு.

சி மொழியிலிருந்து ரஸ்ட் மொழிக்குப் போவது இன்றைய பெரிய மதில். ஒரு நினைவக இடத்துக்கு யார் சொந்தக்காரர், யார் இரவல் வாங்கியவர், யார் கடைசியில் விடுவிப்பார் என்பதை ரஸ்ட் எழுதச் சொல்லும். சி அதைக் கேட்பதே இல்லை, எழுதியவர் மனதில் வைத்திருப்பார். சி2ரஸ்ட் என்றொரு கருவி முழு நிரலையும் மாற்றித் தருகிறது, ஓடவும் செய்கிறது. ஆனால் திறந்து பார்த்தால் எங்கும் 'அன்சேஃப்' என்ற முத்திரை. ரஸ்ட்டின் காவலைத் தளர்த்திவிட்ட இடம் என்று அதற்குப் பொருள். இது எப்படியென்றால், யார் வந்தது என்று தெரியாத பையன் எல்லாவற்றுக்கும் "வந்தது" என்று சொல்லி வைப்பது போல. இலக்கணப் பிழை இல்லைதான். வந்தவர் மாமாவாக இருந்தால் முதுகில் ஒன்று விழும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா 2024இல் ஒரு திட்டத்தையே அறிவித்தது, சி முழுவதையும் தரமான ரஸ்ட் ஆக்கும் வழி தேடி. அரசாங்கம் பணம் ஒதுக்கித் தேடும் அளவுக்கு அந்த வால் கிடைக்காமல் இருக்கிறது.

இதில் எனக்கு மிகப் பிடித்தது கொஞ்சம் பழைய கதை. 1981இல் கேரி கில்டாலின் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம் எக்ஸ்எல்டி86 என்று ஒரு மாற்றியை விற்றது. இன்டெல் 8080 சிப்புக்கு எழுதிய அசெம்பிளி நிரலை, அதாவது சிப்பின் கட்டளைகளிலேயே எழுதிய நிரலை, 8086க்கு மாற்றும். இரண்டும் ஒரே குடும்பம், ஏறக்குறைய நம் இரண்டு மொழிகள் மாதிரி. ஆனால் ஒரு வம்பு. 8080இல் ஓர் இரட்டைப் பதிவேட்டில் (சிப்புக்குள் எண் வைக்கும் இடம்) ஒன்றைக் கூட்டினால் கொடிகள் அசையாது. கொடி என்றால் விடை பூஜ்யமா, மைனஸா என்று சொல்லும் ஒற்றைப் பிட்டுகள். 8086இல் அதே கூட்டல் கொடிகளை அசைத்துவிடும். பயந்த மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார்? கூட்டும் முன் கொடிகளை ஓரமாக எடுத்து வைத்து, கூட்டி, திரும்ப நட்டு வைப்பார். ஒன்று மூன்றாகும், நிரல் ஊதிப்போகும். எக்ஸ்எல்டி86 முன்னால் போய்ப் பார்த்தது. இந்தக் கொடியை இனி யாராவது பார்க்கப்போகிறார்களா? பார்க்கும் முன்பே வேறு கணக்கு அதை மாற்றிவிடுமானால் காப்பாற்றி என்ன பயன்? ஒற்றைக் கட்டளை போதும். எதைக் காப்பாற்ற வேண்டாம் என்று தெரிந்துகொள்வதற்காகவும் நிரல் முழுவதையும் படிக்க வேண்டியிருக்கிறது. நாற்பது ஆண்டு கழித்தும் என் மேசையில் இதே வேலைதான்.

எல்லா நிரலுக்கும் ஆகிற மாற்றி எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கோ மொழியின் கம்பைலர் முதலில் சி மொழியில் இருந்தது. அந்த ஒரே ஒரு நிரலை மாற்றுவதற்காக ரஸ் காக்ஸ் ஒரு கருவி எழுதினார். கருவிக்கு வாகாக மூலத்தையும் அங்கங்கே திருத்திக்கொண்டார்கள். 2015இல் வந்த கோ 1.5இலிருந்து கோ கம்பைலர் கோ மொழியிலேயே இருக்கிறது. ஒரு கல்யாணத்துக்காகப் போட்ட பந்தல் மாதிரி, வேலை முடிந்ததும் பிரித்துவிடலாம்.

செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் மாற்றித் தந்துவிடுமே என்று இந்தத் தம்பி முகத்தில் கேள்வி தெரிகிறது. தரும், சரளமாகத் தரும். என் எட்டு வயதுச் சரளம் அது. மதிலேறாமலே "மாமா வந்தார்" என்று சொல்லிவிடும், பலமுறை மாமாதான் வந்தும் இருப்பார்.

கடைசியாக, பார்த்தால் ஒன்று, பொருள் வேறு என்கிற சங்கதி. ஒருநாள் சேச்சி மதிலோரம் வந்து, "வெள்ளம் வந்நு!" என்றார். இந்தமுறை அமுச்சி என்னைக் கேட்கவேயில்லை, எல்லாம் தமிழாகத்தானே கேட்கிறது. துணிப்பையை எடுத்துக்கொண்டு மெத்தைப்படி ஏறிவிட்டார். பைப்பில் தண்ணீர் வந்த செய்தியை நான் மேலே போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று.

நிரல்மொழிகளில் இப்படி வெள்ளங்கள் நிறைய. மைனஸ் 7ஐ 2ஆல் முழுஎண்ணாக வகுத்தால் சி மொழியில் மைனஸ் 3, பைத்தானில் மைனஸ் 4. பைத்தான் 2இல் ஐந்தை இரண்டால் வகுத்தால் இரண்டு, பைத்தான் 3இல் இரண்டரை, இரண்டிலும் குறி அதே சாய்கோடு. பழையதைப் புதியதாக்க அவர்களே தந்த மாற்றிக் கருவி இந்தச் சாய்கோட்டைத் தொடாமல் விட்டது. வகுபடுவது முழுஎண்ணா பின்னமா என்று அதற்குத் தெரிய வழியில்லை. மறுபடி அதே வால்.

என் வெள்ளம் ஒரு பால் சங்கத்தில் வந்தது. எந்தச் சங்கம் என்று கேட்காதீர்கள், தப்பு என்னுடையது. விஷுவல் பேசிக் 6இல் யாரோ ஒருவர் எழுதி வைத்துப் போயிருந்த பட்டுவாடா நிரலை ஜாவாவுக்கு மாற்றும் வேலை. நானே ஒரு சிறு மாற்றி எழுதினேன், நன்றாகத்தான் ஓடியது. அங்கே தினக்கணக்கு 50 காசுப் படியில் போகும், வாரக் கடைசியில் காசை முழு ரூபாயாக்கித் தருவார்கள். பழைய நிரலில் அதற்கு 'ரவுண்ட்' என்று இருந்தது, ஜாவாவிலும் ரவுண்ட் இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று போட்டேன்.

விஷுவல் பேசிக்கின் ரவுண்ட் சரிபாதியில் நின்றால் இரட்டைப்படை எண்ணின் பக்கம் சாயும். 342.50 என்றால் 342, 343.50 என்றால் 344. ஏறுவதும் இறங்குவதும் தட்டிக்கழிந்துபோகும் என்பதால் வங்கியர் முறை என்பார்கள். ஜாவாவின் ரவுண்ட் பாதியில் நின்றால் எப்போதும் மேலேதான், 342.50க்கு 343. ஆக ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வாராவாரம் ஒரு ரூபாய் கூடுதல் போனது. வாங்கியவர் ஒருவரும் குறை சொல்லவில்லை, ஏன் சொல்லப்போகிறார்கள்? சில வாரம் கழித்துச் செக்ரட்டரி மொத்தத்தைப் பழைய முறையோடு ஒத்துப்பார்த்துக் கண்டுபிடித்தார்.

பழைய மூலத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த வரிக்கு நேர் மேலே ஒரு குறிப்பு, ஆங்கில எழுத்தில் மலையாளம்: "ரவுண்ட் மாற்றருது" (ரவுண்டை மாற்றக்கூடாது). என் மாற்றி அதைப் படித்திருந்தது, சொல் பிரிக்கும் இடத்திலேயே கொட்டியும் இருந்தது. குறிப்புகளை மரத்தோடு சுமந்துபோகும்படி எழுதலாம், பைத்தானின் அந்த மாற்றிகூட அப்படித்தான் சுமந்தது. எனக்குத்தான் அன்றைக்குச் சோம்பல்.

ஜாவாவிலேயே 'ஹாஃப் ஈவன்' என்று வங்கியர் முறை இருக்கிறது. மாற்றிவிட்டு வந்தேன். அடுத்த பட்டுவாடாவுக்குச் சங்கத்தில் நானும் இருந்தேன். ஓர் அக்கா இரண்டு சீட்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"போன வாரம் 343 போட்டீங்க. இந்த வாரம் அதே பாலுக்கு 342 போட்டிருக்கீங்க. என்ற மாடு என்னுங்க, ஒரு ரூபாய்க்குக் கம்மியாக் கறந்துச்சா?"

மரத்தையும் கம்பைலரையும் அவரிடம் எப்படிச் சொல்வது? சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து நீட்டினேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, சீட்டையும் திருத்தித் தரச் சொன்னார்.